அப்பீலில் எதைக் கேட்கலாம்? – வாசகர் கேள்வி பதில்

அமெரிக்காவில் இருக்கும் வாசகர்களிடமிருந்து இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பகுதி ஒரே விஷயத்தைச் சுற்றியே இருக்கின்றன. ஃபெடரல் கோர்ட்டில் தண்டனை ஆகிவிட்டது, இனி அப்பீலில் என்ன நடக்கும், எவ்வளவு நம்பலாம் என்று கேட்கிறீர்கள். பெயர், அடையாளங்களை எடுத்துவிட்டுப் பதில் சொல்கிறேன். மாநிலக் கோர்ட்டுகளுக்கு விதிமுறைகள் வேறு, இங்கே சொல்வதெல்லாம் ஃபெடரல் வழக்குகளுக்கு மட்டும். அப்புறம், உங்கள் வழக்குக் கட்டைப் படித்த வக்கீல் சொல்வதுதான் உங்களுக்கு முக்கியம். அவரிடம் என்ன கேட்கவேண்டும் என்று தெரிந்துகொள்ள இந்தப் பக்கம் உதவினால் போதும்.

கேள்வி: நியூ ஜெர்சியில் என் தம்பியைக் குற்றவாளி என்று ஜூரி சொல்லிவிட்டது. முக்கிய சாட்சி சொன்னது அத்தனையும் பொய். அப்பீல் கோர்ட்டில் அவரை மறுபடி கூண்டில் ஏற்றிக் கேட்க முடியுமா ஐயா?

முடியாதும்மா. இதை முதலில் மனதில் வாங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் புரியும். அப்பீல் கோர்ட்டில் சாட்சிக் கூண்டும் கிடையாது, ஜூரியும் கிடையாது. மூன்று நீதிபதிகள் உட்கார்ந்து கீழ்க்கோர்ட்டில் நடந்ததன் எழுத்துப் பதிவைப் படிக்கிறார்கள். யார் என்ன சாட்சி சொன்னார், எந்த ஆவணம் காட்டப்பட்டது, யார் எந்த இடத்தில் எழுந்து ஆட்சேபித்தார், நீதிபதி ஜூரிக்குச் சட்டத்தை எப்படி விளக்கினார், எல்லாம் அந்தக் கட்டில் இருக்கும். அதில் இல்லாத ஒன்றை அப்பீலில் புதிதாகக் கொண்டுவந்து வைக்க வழியில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு தரப்பும் எழுத்தில் வாதம் கொடுக்கும், முதல் வாதவுரைக்கு 13,000 சொல் வரம்பு. நேரில் வாதம் எல்லா வழக்கிலும் நடப்பதில்லை, நடந்தாலும் பெரும்பாலும் ஒரு தரப்புக்குப் பத்துப் பதினைந்து நிமிடம்தான். உங்கள் தம்பி வழக்கு பிலடெல்பியாவில் இருக்கும் மூன்றாவது சர்க்யூட்டுக்குப் போகும் (சர்க்யூட் என்றால் ஒரு வட்டாரத்துக்கான ஃபெடரல் அப்பீல் கோர்ட்).

யாரை நம்புவது என்பது ஜூரியின் வேலை, அதில் மேல்கோர்ட் தலையிடாது. "இருக்கிற ஆதாரம் போதவே போதாது" என்று வாதாடலாம். ஆனால் அதற்கு 1979-ல் ஜாக்சன் எதிர் வர்ஜீனியா வழக்கில் உச்ச நீதிமன்றம் வைத்த அளவுகோல் கடுமையானது. ஆதாரம் முழுவதையும் அரசுத் தரப்புக்குச் சாதகமாகவே எடுத்துக்கொண்டு பார்த்த பிறகும், நியாயமாக யோசிக்கிற எந்த ஜூரியும் இதை வைத்துக் குற்றவாளி என்று சொல்லியிருக்க முடியாது என்றால்தான் ரத்து. அதில் ஜெயித்தால் பெரிய ஜெயம், ஏனென்றால் 1978-ல் பர்க்ஸ் வழக்கில் சொன்னபடி அரசு அவரைத் திரும்ப விசாரிக்கவும் முடியாது. அதே காரணத்தால் அது லேசில் கிடைப்பதும் இல்லை.

உங்கள் கடிதத்தில் ஒரு வரி என் கண்ணில் பட்டது. அந்தச் சாட்சி மேலேயும் வழக்கு இருந்தது, பிறகு அது காணாமல் போய்விட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அதை வக்கீலிடம் அழுத்திக் கேளுங்கள். சாட்சிக்கு ஏதாவது சலுகை தருவதாகச் சொல்லி, அதை எதிர்த்தரப்புக்குத் தெரிவிக்காமல் அரசு மறைத்திருந்தால், அது 1963-ன் பிரேடி, 1972-ன் ஜிக்லியோ தீர்ப்புகளின் கீழ் வரும் தனிக் குற்றச்சாட்டு. "அவர் பொய் சொன்னார்" என்பதைவிட "அவர் ஏன் பொய் சொல்லக்கூடும் என்பதை ஜூரியிடமிருந்து மறைத்தார்கள்" என்பது கோர்ட்டில் நிற்கக்கூடிய வாதம்.

கேள்வி: என் கணவருக்குத் தண்டனை ஆகிவிட்டது. அப்பீல் போட எத்தனை நாள் இருக்கிறது? வக்கீல் போன் எடுக்கவே மாட்டேன் என்கிறார்.

14 நாள். அவ்வளவுதான். அரசுக்கு அப்பீல் உரிமை இருக்கிற இடத்தில் 30 நாள், உங்களுக்கு 14. ஜூரி தீர்ப்புச் சொன்ன நாளிலிருந்து எண்ண வேண்டாம். தண்டனை அறிவித்து அந்தத் தீர்ப்பு கோர்ட் பதிவேட்டில் ஏறிய நாளிலிருந்து எண்ணுங்கள், சனி ஞாயிறையும் சேர்த்து. கொடுக்க வேண்டியது ஒரு பக்க அறிவிப்பு மட்டுமே, வாதமெல்லாம் பிறகு. தண்டனை கொடுத்த அதே டிஸ்டிரிக்ட் கோர்ட்டின் அலுவலகத்தில்தான் அதைக் கொடுக்க வேண்டும். உள்ளே இருப்பவர் சிறைத் தபாலில் 14 நாளுக்குள் போட்டாலே போதும், கோர்ட்டுக்குப் போய்ச் சேர நாளானாலும் அது செல்லும். ஆனால் போட்ட தேதிக்கு அத்தாட்சி வைத்திருக்கச் சொல்லுங்கள். தகுந்த காரணம் இருந்தால் டிஸ்டிரிக்ட் நீதிபதி இன்னும் 30 நாள் வரை நீட்டிக் கொடுக்கலாம், அதை நம்பி உட்கார வேண்டாம்.

வக்கீல் விஷயத்துக்கு வருகிறேன். "அப்பீல் போடுங்கள்" என்று உங்கள் கணவர் அவரிடம் இன்றே எழுத்தில் சொல்லட்டும். அப்படிச் சொன்ன பிறகும் அவர் போடாமல் விட்டால் அது வக்கீலின் கடமை தவறல் என்று 2019-ல் கார்சா எதிர் ஐடஹோ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இழந்த அப்பீலைத் திரும்பப் பெறலாம், அதற்கு "போட்டிருந்தால் ஜெயித்திருப்போம்" என்று நிரூபிக்கத் தேவையில்லை. பணமில்லை என்பதற்காக யாரும் விட்டுவிட வேண்டாம், முதல் அப்பீலுக்குக் கோர்ட்டே வக்கீல் நியமிக்கும், கட்டணத்துக்கும் விலக்குக் கேட்கலாம்.

கேள்வி: ராஜ் ராஜரத்தினம் அத்தனை பணம் செலவழித்து அப்பீல் போயும் ஏன் தோற்றார்?

கொழும்பில் பிறந்தவர், கேலியன் என்கிற பெரிய முதலீட்டு நிறுவனத்தை நடத்தியவர், நம்மவர் பலரும் அந்த வழக்கை உன்னிப்பாகப் பார்த்தோம். நிறுவனங்களின் உள்விவரம் வைத்துப் பங்கு வியாபாரம் செய்ததாக வழக்கு. 2011 மே மாதம் 14 குற்றச்சாட்டுகளிலும் குற்றவாளி என்று ஜூரி சொன்னது. அக்டோபரில் 11 ஆண்டு சிறை.

அவர் வழக்கின் உயிர்நாடி போன் ஒட்டுக்கேட்பு. அவர் குரலிலேயே பேச்சு பதிவாகியிருந்தது. ஆகவே அப்பீலில் "நான் பேசவில்லை" என்கிற வாதத்துக்கே இடமில்லை, "அந்தப் பதிவைச் சாட்சியமாக எடுத்ததே தப்பு" என்பதுதான் மிஞ்சிய வழி. போனை ஒட்டுக்கேட்க அனுமதி வாங்கும்போது, சாதாரண விசாரணை முறைகள் ஏன் போதாது என்று அரசு நீதிபதியிடம் விளக்க வேண்டும். பங்குச் சந்தை ஆணையம் ஏற்கனவே ஆவணங்களைத் தோண்டி அவரை விசாரித்துக்கொண்டிருந்த விஷயத்தை அந்த மனுவில் சொல்லாமல் விட்டுவிட்டார்கள் என்பது அவர் தரப்பு வாதம். வாதம் வலுவானதுதான். ஆனால் 2013 ஜூனில் நியூயார்க்கின் இரண்டாவது சர்க்யூட் அதை ஏற்கவில்லை. அதைச் சொல்லியிருந்தாலும் அனுமதி கிடைத்தே இருக்கும் என்பது அவர்கள் முடிவு.

அதே இரண்டாவது சர்க்யூட் 2014 டிசம்பரில், நியூமன் வழக்கில், உள்விவரம் வைத்துப் பங்கு வியாபாரம் செய்ததாகத் தண்டிக்கப்பட்ட இரண்டு நிதி மேலாளர்களின் தண்டனையை அடியோடு ரத்து செய்தது. அவர்களுக்குத் தகவல் நாலு கை மாறி வந்தது. முதலில் கசியவிட்டவருக்கு அதனால் என்ன ஆதாயம் என்பது இவர்களுக்குத் தெரியும் என்று அரசு நிரூபிக்கவில்லை. இரண்டு ஆண்டு கழித்து சல்மான் வழக்கில் உச்ச நீதிமன்றம் நியூமன் தீர்ப்பின் ஒரு பகுதியை ஏற்க மறுத்தது, சொந்தக்காரருக்குத் தகவலைப் பரிசாகக் கொடுத்தாலே அது ஆதாயம்தான் என்றது. பணம் செலவழித்ததால் ஒருவர் ஜெயித்தார், ஒருவர் தோற்றார் என்று இதைப் பார்க்காதீர்கள். சட்டத்தின் எந்த அம்சம் நிரூபிக்கப்படாமல் நிற்கிறது என்பதைக் கண்டுபிடிப்பதில் இருக்கிறது விஷயம்.

கேள்வி: "கைட்லைன்ஸ்" என்கிறார்கள், "அட்டவணை" என்கிறார்கள். நீதிபதி தண்டனையை எப்படித்தான் கணக்குப் போடுகிறார்? அதிகம் என்று தோன்றினால் மேல்கோர்ட் குறைக்குமா?

இதற்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஃபெடரல் வழக்கில் அப்பீல் என்றாலே பாதிச் சண்டை இங்கேதான்.

1984-ல் வந்த சட்டத்தின்படி அமைந்த ஓர் ஆணையம், 1987 நவம்பர் முதல் ஒரு பெரிய அட்டவணையை அமலுக்குக் கொண்டுவந்தது. ஒரு பக்கம் குற்றத்தின் நிலை, 1 முதல் 43 வரை. இன்னொரு பக்கம் பழைய குற்ற வரலாறு, ஆறு பிரிவு. இரண்டும் சந்திக்கிற கட்டத்தில் இத்தனை மாதம் முதல் இத்தனை மாதம் வரை என்று இருக்கும். பழைய வழக்கே இல்லாத ஒருவருக்கு நிலை 20 என்றால் 33 முதல் 41 மாதம். பொறுப்பேற்று ஒப்புக்கொண்டதற்காக மூன்று நிலை குறைந்து 17 ஆனால் 24 முதல் 30. மோசடி என்றால் நஷ்டத் தொகை ஏற ஏற நிலையும் ஏறும், போதைப்பொருள் என்றால் எடை, துப்பாக்கி இருந்தால் அதற்கு வேறு. இதையெல்லாம் சேர்த்து எழுதித் தருகிறவர் கோர்ட்டின் புரோபேஷன் அதிகாரி. தண்டனை நாளுக்குக் குறைந்தது 35 நாள் முன்னால் அந்த அறிக்கை உங்கள் கைக்கு வர வேண்டும், வந்த 14 நாளுக்குள் ஆட்சேபங்களை எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த அறிக்கையை ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். குடும்பத்தில் கணக்குத் தெரிந்த யாராவது ஒருவர் வக்கீலோடு உட்கார்ந்து சரிபாருங்கள். தொகை, தேதி, பழைய வழக்குகள், எதையும் விடாதீர்கள்.

முன்பெல்லாம் அந்த அட்டவணை நீதிபதியைக் கட்டுப்படுத்தியது. 2005-ல் புக்கர் தீர்ப்பு வந்ததிலிருந்து அது ஆலோசனை மட்டுமே. நீதிபதி முதலில் அட்டவணைக் கணக்கைச் சரியாகப் போட வேண்டும், பிறகு ஆளையும் குற்றத்தையும் பார்த்து, தேவைக்கு மேல் போகாத தண்டனை எது என்று முடிவு செய்ய வேண்டும். சட்டமே விதித்த குறைந்தபட்சத் தண்டனை இருந்தால் மட்டும், சில விதிவிலக்குகள் தவிர, அதற்குக் கீழே போக முடியாது.

அப்பீலில் இரண்டு வகையாகக் கேட்கலாம். ஒன்று, கணக்குத் தப்பு, அல்லது நீதிபதி காரணம் சொல்லவில்லை, அல்லது எங்கள் வாதத்தைக் காதில் வாங்கவே இல்லை. இது நடைமுறைத் தவறு, இதில் ஜெயிப்பவர்கள் இருக்கிறார்கள். இன்னொன்று, எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தார், ஆனால் தண்டனை நியாயமற்ற அளவுக்கு நீளம். இது கஷ்டம். நேருக்கு நேர் ஆளைப் பார்த்தவர் கீழ்க்கோர்ட் நீதிபதிதான் என்பதால் மேல்கோர்ட் அவர் முடிவுக்கு மதிப்புக் கொடுக்கும்.

அந்த மதிப்பு உங்களுக்குச் சாதகமாகவும் வேலை செய்யும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 2007-ல் கால் (Gall) என்பவரின் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அயோவா பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் எக்ஸ்டசி மாத்திரை விற்கும் கூட்டத்தில் சேர்ந்தார். ஏழு மாதத்தில் தானே விலகிவிட்டார், யாரும் பிடிக்கவில்லை, மிரட்டவில்லை. படிப்பை முடித்தார், கட்டட வேலைக்குப் போனார், தச்சு வேலையில் தேர்ந்து சொந்தமாகத் தொழில் செய்தார். ஆண்டுகள் கழித்து வழக்கு வந்தது. அட்டவணை 30 முதல் 37 மாதம் சிறை என்றது. டிஸ்டிரிக்ட் நீதிபதி சிறையே வேண்டாம், 36 மாதம் வெளியே கண்காணிப்பில் இருக்கட்டும் என்றார். எட்டாவது சர்க்யூட் அதை ரத்து செய்தது, இவ்வளவு பெரிய விலகலுக்கு அசாதாரணக் காரணம் வேண்டும் என்றது. உச்ச நீதிமன்றம் 7-2 என்று எட்டாவது சர்க்யூட்டைத் திருத்தியது. அட்டவணையிலிருந்து எத்தனை சதவீதம் விலகினார் என்று மேல்கோர்ட் அளந்துகொண்டிருக்கக் கூடாது, அவர் சொன்ன காரணம் நியாயமானதா என்று பார்த்தால் போதும். என்னைக் கேட்டால், தண்டனை பற்றிய தீர்ப்புகளில் மனிதரை மனிதராகப் பார்த்த தீர்ப்பு அது. ஆகவே உங்கள் முழு பலத்தையும் தண்டனை நாளில் காட்டுங்கள், அப்பீலுக்கு என்று மிச்சம் வைக்காதீர்கள்.

கேள்வி: அறிக்கையில் பழைய வழக்கு ஒன்றை இரண்டு தரம் எண்ணியிருக்கிறார்கள் என்று இப்போதுதான் கவனித்தோம். அப்போது யாருமே சொல்லவில்லை. இனி சொல்ல முடியுமா?

சொல்லலாம். கிட்டத்தட்ட இதே கதைதான் 2018-ல் ரொசாலெஸ்-மிரெலெஸ் வழக்கு. டெக்சாஸில் 2009-ல் நடந்த ஒரே சிறு தண்டனையைப் புரோபேஷன் அதிகாரி இரண்டு முறை எண்ணிவிட்டார். அதனால் 70 முதல் 87 மாதம் என்று வந்திருக்க வேண்டிய கட்டம் 77 முதல் 96 என்று ஆனது. நீதிபதி கொடுத்தது 78 மாதம். அவர் வக்கீல் கவனிக்கவில்லை, அரசு வக்கீல் கவனிக்கவில்லை, நீதிபதியும் கவனிக்கவில்லை.

அந்த நேரத்தில் ஆட்சேபிக்காத தவறை மேல்கோர்ட் திருத்த நாலு படி தாண்ட வேண்டும், 1993-ன் ஒலானோ வழக்கிலிருந்து வரும் சோதனை. தவறு நடந்திருக்க வேண்டும், அது பளிச்சென்று தெரிய வேண்டும், உங்கள் உரிமையைப் பாதித்திருக்க வேண்டும், கடைசியாக, அதை விட்டுவிட்டால் நீதிமன்றத்தின் மேல் இருக்கும் மதிப்பே கெடும் என்று இருக்க வேண்டும். ஐந்தாவது சர்க்யூட் முதல் மூன்றையும் ஒப்புக்கொண்டது, நாலாவதில் நின்றுகொண்டது. 78 மாதம் சரியான கட்டத்துக்குள்ளேயும் விழுகிறதே, மனசாட்சியை உலுக்குகிற தவறு இல்லையே என்றது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. கணக்குத் தப்பால் ஒருவர் தேவைக்கு மேல் உள்ளே இருக்க நேரிடும் என்றால் சாதாரணமாக அதைத் திருத்தியே ஆக வேண்டும் என்று 7-2 தீர்ப்பு. அதற்கு இரண்டு ஆண்டு முன்னால் மொலினா-மார்ட்டினெஸ் வழக்கிலும் அதே 70-87, அதே 77-96, தப்பான கட்டம் வைத்துக் கணக்குப் போட்டாலே பெரும்பாலும் பாதிப்பு இருந்ததாகக் கொள்ளலாம் என்று சொல்லியிருந்தார்கள்.

சில மாதம்தானே என்று உங்கள் உறவினர்கள் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். ஃபெடரல் சிறையில் பரோல் கிடையாது, நன்னடத்தைக்கு ஆண்டுக்கு அதிகபட்சம் 54 நாள் குறைவதுதான் பொதுவான சலுகை. ஏழு மாதம் என்றால் கிட்டத்தட்ட ஏழு மாதம்தான்.

கேள்வி: அப்பீல் போட்டால் தண்டனை கூடிவிடும் என்று பயமுறுத்துகிறார்கள். உண்மையா?

நீங்கள் மட்டும் அப்பீல் போட்டு அரசு சும்மா இருந்தால், மேல்கோர்ட் தானாகக் கூட்ட முடியாது. எட்டாவது சர்க்யூட் ஒரு வழக்கில் அப்படித்தான் 442 மாதத்தோடு 15 ஆண்டைச் சேர்க்கச் சொல்லி 622 ஆக்கியது. சட்டப்படி கீழ்க்கோர்ட் குறைத்துக் கொடுத்தது தவறுதான், ஆனால் அரசு அதை எதிர்த்து அப்பீல் போடவில்லையே. 2008-ல் கிரீன்லா தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அந்தக் கூடுதலை நீக்கியது. அரசும் எதிர் அப்பீல் போட்டால் கதை வேறு. மறுவிசாரணை வரை போகும் வழக்கிலும் ஆபத்து அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் அப்பீல் போட்டதற்குப் பழிவாங்கும் விதமாகக் கூட்டக் கூடாது என்று 1969 முதலே விதி இருக்கிறது.

கேள்வி: என் மகனை ஒரு குற்றச்சாட்டில் ஜூரி விடுவித்தது, ஒன்றில் தண்டித்தது. தண்டனை கொடுக்கும்போது நீதிபதி விடுவித்த குற்றத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டாராம். இது எந்த ஊர் நியாயம்?

உங்கள் கோபம் நியாயமானது, எனக்கும் அதே கோபம்தான். ஜூரிக்குச் சந்தேகத்துக்கு இடமில்லாத ஆதாரம் வேண்டும், தண்டனை போடும் நீதிபதிக்கு "நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம்" என்கிற அளவு போதும். இந்த இடைவெளியைக் காட்டி, விடுதலையான குற்றத்தையும் கணக்கில் எடுக்கலாம் என்று 1997-ல் வாட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அனுமதித்துவிட்டது. பன்னிரண்டு பேர் உட்கார்ந்து கேட்டு "இல்லை" என்று சொன்னதை ஒருவர் "ஆமாம்" என்று மாற்றி எழுதுவதை எந்தத் தாய்க்கும் புரியவைக்க முடியாது.

ஆனால் கவனியுங்கள். 2024 நவம்பர் 1 முதல், தண்டனை அட்டவணையை வகுக்கும் ஆணையம் விதியைத் திருத்திவிட்டது. ஃபெடரல் கோர்ட்டில் விடுவிக்கப்பட்ட நடத்தையை அட்டவணைக் கணக்கில் சேர்க்கக் கூடாது, தண்டிக்கப்பட்ட குற்றத்துக்கும் அதே நடத்தைதான் அடிப்படை என்றால் மட்டும் விதிவிலக்கு. உங்கள் மகனுக்குத் தண்டனை விதித்த தேதி எது? அதற்குப் பிறகு என்றால் இது அப்பீலில் முதல் வாதமாக நிற்க வேண்டும். முன்னால் என்றால் வழி குறுகல்தான், இருந்தாலும் வக்கீலிடம் பேசுங்கள்.

கேள்வி: குற்றத்தை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டபோது "அப்பீல் செய்ய மாட்டேன்" என்கிற ஷரத்தும் இருந்திருக்கிறது. எல்லாம் முடிந்துவிட்டதா?

முழுவதும் முடியவில்லை, ஆனால் கதவு பெரும்பாலும் சாத்திவிட்டது. ஃபெடரல் தண்டனைகளில் 97 சதவீதம் ஒப்புதல் வாக்குமூலத்தில்தான் வருகின்றன என்று உச்ச நீதிமன்றமே 2012-ல் எழுதியது. பல ஒப்பந்தங்களில் இந்த ஷரத்து இருக்கிறது. தனக்கு எத்தனை மாதம் வரப்போகிறது என்று தெரியாதபோதே, வரப்போகிற தவறையும் கேட்க மாட்டேன் என்று ஒருவரிடம் எழுதி வாங்குவது சரியில்லை என்பது என் கருத்து. கோர்ட்டுகள் பொதுவாக அதை ஏற்றுக்கொள்கின்றன. இருந்தாலும் ஷரத்தை வார்த்தை வார்த்தையாகப் படியுங்கள், சில விஷயங்களை அதுவே விலக்கி வைத்திருக்கும். சட்டத்தின் உச்சவரம்பைத் தாண்டிய தண்டனை, விவரம் புரியாமல் போட்ட கையெழுத்து, வக்கீலின் தவறான ஆலோசனையால் ஒப்புக்கொண்டது போன்றவற்றை ஷரத்தையும் மீறிக் கேட்க இடமுண்டு.

கேள்வி: அப்பீல் முடியும்வரை ஜாமீனில் இருக்கலாமா?

கஷ்டம். ஓடிப்போக மாட்டார், யாருக்கும் ஆபத்தில்லை என்பது மட்டும் போதாது. தண்டனையையே புரட்டக்கூடிய வலுவான சட்டப் பிரச்சினை அப்பீலில் இருக்கிறது என்றும் காட்ட வேண்டும். வன்முறைக் குற்றம், பெரிய போதைப்பொருள் குற்றம் என்றால் இன்னும் கடினம்.

கேள்வி: கிரீன் கார்டு போகாது என்று வக்கீல் சொன்னதை நம்பி ஒப்புக்கொண்டேன். இப்போது நாடு கடத்தப் போகிறார்கள். இது அப்பீலில் வருமா?

நேரடி அப்பீலில் பெரும்பாலும் வராது, ஏனென்றால் நீங்களும் வக்கீலும் தனியாகப் பேசியது வழக்குக் கட்டில் இல்லை. இதற்கு 2255 என்கிற தனி மனு உண்டு, தண்டனை கொடுத்த கோர்ட்டிலேயே போட வேண்டும். அங்கே புது சாட்சியம், பிரமாணப் பத்திரம் எல்லாம் வைக்கலாம். தண்டனை இறுதியான நாளிலிருந்து பொதுவாக ஓராண்டு கெடு. தள்ளிப் போடாதீர்கள்.

2010-ல் படில்லா தீர்ப்பிலிருந்து, நாடு கடத்தும் ஆபத்து பற்றிச் சரியாகச் சொல்வது வக்கீலின் கடமை. 2017-ல் வந்த லீ வழக்கு உங்களுடையதற்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது. தென் கொரியாவிலிருந்து பதின்மூன்று வயதில் வந்தவர், மெம்ஃபிஸில் உணவகம் நடத்தினார், குடியுரிமை வாங்கவில்லை. போதைப்பொருள் வழக்கில் ஆதாரம் கையும் களவுமாக இருந்தது. திரும்பத் திரும்ப "என்னை நாட்டை விட்டு அனுப்பிவிடுவார்களா" என்று வக்கீலிடம் கேட்டிருக்கிறார், மாட்டார்கள் என்று வக்கீல் சொன்னதை நம்பித்தான் ஒப்புக்கொண்டார். ஆறாவது சர்க்யூட் கைவிரித்தது, விசாரணைக்குப் போனாலும் தோற்றிருப்பாரே என்றது. உச்ச நீதிமன்றம் அப்படிப் பார்க்கவில்லை. முப்பது ஆண்டாக வேறு ஊரே தெரியாத ஒருவர், துளி வாய்ப்பு இருந்தாலும் விசாரணையில் போராடியே பார்த்திருப்பார் என்று ஏற்றுக்கொண்டது. அங்கே அவரைக் காப்பாற்றியது, அந்த வக்கீலே வந்து தான் தவறாகச் சொன்னதை ஒப்புக்கொண்டதும், ஒப்புதல் கொடுத்த நாளில் நீதிபதி கேட்டதற்கு அவர் சொன்ன பதில் பதிவில் இருந்ததும். உங்கள் ஒப்புதல் நாளின் பதிவை முழுவதும் வாங்கிப் படியுங்கள், மின்னஞ்சல், குறுஞ்செய்தி எதையும் அழிக்காதீர்கள்.

கேள்வி: டெக்சாஸில் இருக்கும் என் நண்பருக்கு ஒரு விதி, கலிஃபோர்னியாவில் எனக்கு ஒரு விதியா? ஒரே நாட்டுச் சட்டம்தானே?

சட்டம் ஒன்றுதான், அதைப் படிக்கிற கோர்ட்டுகள் பல. எண் போட்ட சர்க்யூட்டுகள் 11, தலைநகருக்கு ஒன்று, அது போக வேறு வகை வழக்குகளுக்கான ஃபெடரல் சர்க்யூட் ஒன்று. ஒன்றின் தீர்ப்பு இன்னொன்றைக் கட்டுப்படுத்தாது. அட்டவணைக்குள் விழும் தண்டனையை நியாயமானது என்று முன்கூட்டியே அனுமானிக்கலாம் என்று 2007-ல் ரிட்டா வழக்கில் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது, கட்டாயப்படுத்தவில்லை. டெக்சாஸ் அடங்கிய ஐந்தாவது சர்க்யூட் அப்படி அனுமானிக்கிறது, கலிஃபோர்னியா அடங்கிய ஒன்பதாவது அப்படிச் செய்வதில்லை. ஆகவே நண்பருக்கு என்ன ஆயிற்று என்பதை வைத்து உங்கள் வழக்கை எடை போடாதீர்கள், உங்கள் சர்க்யூட்டின் தீர்ப்புகளைத்தான் வக்கீல் காட்ட வேண்டும்.

கேள்வி: அப்பீல் நீதிபதிகளுக்கு நான் ஒரு கடிதம் எழுதினால் படிப்பார்களா? என் பையன் உள்ளே போனபிறகு எவ்வளவோ மாறிவிட்டான் ஐயா.

அவர்களுக்கு எழுதாதீர்கள் அம்மா. வழக்குக் கட்டில் இல்லாத எதையும் அவர்கள் பார்க்க மாட்டார்கள். ஆனால் எழுதி வையுங்கள், ஏனென்றால் அப்பீலில் தண்டனையை ரத்து செய்து மறுபடி தண்டனை விதிக்கக் கீழ்க்கோர்ட்டுக்கு அனுப்பினால் அந்தக் கடிதத்துக்கு உயிர் வந்துவிடும். 2011-ல் பெப்பர் வழக்கில் இதுதான் கேள்வி. முதல் தண்டனைக்குப் பிறகு அவர் போதையை விட்டார், கல்லூரியில் சேர்ந்து நல்ல மதிப்பெண் வாங்கினார், வேலையில் நல்ல பெயர் எடுத்தார். எட்டாவது சர்க்யூட் அதையெல்லாம் பார்க்கவே கூடாது என்றது. உச்ச நீதிமன்றம் மறுத்தது. மறுதண்டனை விதிக்கும்போது, நீதிபதி எதிரே நிற்கிற இன்றைய மனிதரைப் பார்த்து முடிவு செய்யலாம்.

அதனால் இப்போதிலிருந்தே சேர்த்து வையுங்கள். உள்ளே முடித்த வகுப்புகளின் சான்றிதழ்கள், வேலை பார்த்த இடத்தின் மேற்பார்வையாளர் எழுதியது, ஒழுங்கு மீறல் இல்லை என்கிற பதிவு, வெளியே வந்தால் வேலை தருகிறேன் என்று யாராவது எழுத்தில் கொடுத்தால் அது. உங்கள் கடிதத்தில் பொதுவாக நல்ல பையன் என்று எழுதாமல், எந்த மாதம் என்ன செய்தான் என்று எழுதுங்கள். ஒரு பிரதி உங்களிடம், ஒரு பிரதி வக்கீலிடம் இருக்கட்டும்.